பெயரில்லாத பெட்டிகள்

கணினியில் எந்த இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாலும் சரி, கன்ட்ரோல் விசையையும் யு விசையையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு தெரியும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. பெரும்பாலான பெட்டிகளின் மேல் ஒரே சீட்டுதான் ஒட்டியிருக்கும்: ‘டிவ்’. டிவிஷன் என்பதன் சுருக்கம். பிரிவு, அவ்வளவுதான். எதன் பிரிவு, எதற்கான பிரிவு என்றெல்லாம் அது வாய் திறக்காது.

பத்து வருடமாக இந்தப் பெட்டிகளை அடுக்கித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். மாலையில் உட்கார்ந்து தமிழ் வாசிப்பதும் எழுதுவதும் இன்னொரு பிழைப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். எழுத்தைப் பிரித்து, பிரிவுக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழைய வேலை. தொல்காப்பியத்துக்கு மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பாக்கள். திருக்குறளில் பால், இயல், அதிகாரம் என்று அடுக்கு. குறளின் இயல்களை எங்கே வெட்டுவது என்பதில் உரைகாரர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். இருக்கட்டும். சண்டை போடுவதற்காவது அவர்களிடம் பெயர் இருந்தது. இணையத்தில் அந்தப் பெயர்கள் எங்கே போயின?

போகவில்லை, ஆரம்பத்தில் இருந்தன. தொலைந்து, பிறகு பாதி மட்டும் திரும்பி வந்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

*

அச்சுக்கோப்பு கணினிக்கு வந்த காலத்தில், எழுத்துக்கு நடுவே கட்டளைகளைச் செருகுவார்கள். இந்த வரியை 14 புள்ளி தடித்த எழுத்தில் போடு, இதை நடுவில் நிறுத்து. அது தலைப்பு என்று கட்டளை சொல்லாது. பெரிதாகத் தெரிய வேண்டியது என்று மட்டும் சொல்லும். இன்னொரு அச்சகத்துக்கு, இன்னொரு இயந்திரத்துக்குப் போனால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த கூட்டம் ஒன்றில் வில்லியம் டனிகிளிஃப் என்பவர் ஓர் எளிய யோசனையை முன்வைத்தார். ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்துவிடலாம் என்பதுதான் அது. 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கையாளும் வேலையில் இருந்தார்கள். கோல்ட்ஃபார்ப் அடிப்படையில் வழக்கறிஞர். ஒரு சட்ட ஆவணத்தில் எது தலைப்பு, எது பிரிவு, எது உட்பிரிவு என்பது எவ்வளவு முக்கியம் என்று ஒரு வக்கீலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் உருவாக்கிய குறிமொழிக்கு ஜிஎம்எல் என்று பெயர். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளும் அதில் உண்டு. ‘இது எப்படித் தெரிய வேண்டும்’ என்பதை விட்டுவிட்டு ‘இது என்ன’ என்று எழுதச் சொன்ன மொழி அது. 1986-இல் அதன் வாரிசான எஸ்ஜிஎம்எல் சர்வதேசத் தரமானது.

சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகத்திலும் எஸ்ஜிஎம்எல் வழக்கம் இருந்தது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ இணையத்துக்கான மொழியை எழுதும்போது கைக்கு எட்டிய அந்தக் குறிச்சொற்களைப் பலவாறு எடுத்துக்கொண்டார். 1991-இல் அவர் வெளியிட்ட முதல் பட்டியலில் 18 உறுப்புகள். தலைப்பு, பத்தி, பட்டியல், முகவரி. எல்லாம் பொருளின் பெயர்கள். சிவப்பு என்றோ இடப்பக்கம் என்றோ எதுவும் கிடையாது.

ஒரு குறை மட்டும் இருந்தது. தலைப்புகளுக்கு எச்1 முதல் எச்6 வரை எண் கொடுத்தார். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் வரும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல உறுப்பு இல்லை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, சுற்றுச்சுவர் இல்லை. இது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருடம் அக்டோபர் மாதம் எழுதிய கடிதம் ஒன்றில், எண் போட்ட தலைப்புகளைவிட, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ‘செக்‌ஷன்’ என்ற உறுப்பும், அதற்குள் எண்ணில்லாத ஒரே ஒரு தலைப்பும் இருப்பதையே தான் விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனையாவது ஆழத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப உலாவியே தலைப்பின் அளவை முடிவுசெய்துகொள்ளும்.

அந்த ஆசை அப்போது நடக்கவில்லை. இந்தக் கதையில் அது மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

டிவ் பிறந்த கதை கொஞ்சம் சோகமானது. 1995-இல் டேவ் ரேகட் எழுதிய எச்டிஎம்எல் 3.0 வரைவில் அது வருகிறது. அத்தியாயம், பிரிவு, சுருக்கம், பின்னிணைப்பு என்று வகைப்பெயர் சூட்டி எழுதுவதற்கான கொள்கலனாகத்தான் அங்கே அதை அறிமுகப்படுத்தினார்கள். ஆக, டிவ் பெயரோடு வாழவே பிறந்தது. அந்த வரைவு தரமாகாமலே காலாவதியானது. 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2-இல் டிவ் இடம்பெற்றபோது அதற்குக் கிடைத்த முக்கிய வேலை, எழுத்தை இடம், வலம், நடு என்று நிறுத்துவது. அத்தியாயம் சுமக்க வந்தவனை நாற்காலி தூக்க வைத்த மாதிரி.

அதற்குள் இணையம் கடைத்தெருவாகிவிட்டது. பத்திரிகை விளம்பரம் போலப் பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். கையில் இருந்த ஒரே ஆயுதம் அட்டவணை. எண்களை வரிசைப்படுத்த வந்த டேபிளைக் கட்டங்கட்டமாக வெட்டி, பக்கத்தை அதில் கொட்டினார்கள். இடைவெளி வேண்டுமா, ஒரு பிக்சல் அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து இழு. 1996-இல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் இந்த வித்தைகளையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது. அடுத்த வருடமே அவர், இணையம் பாழாகிவிட்டது, பாழாக்கியது நான்தான் என்று பகிரங்கமாகக் கட்டுரை எழுதினார்.

தோற்றத்தை நம்பிப் பொருளை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்ப் பக்கம் வாசித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. பரவலாகப் புழங்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, பத்திரிகைக்கொரு குறியேற்றம். பல எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் உண்மையில் இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ‘இந்த எழுத்துருவில் காட்டு’ என்ற ‘ஃபான்ட்’ குறிச்சொல்தான் அதைத் தமிழாக்கியது. அந்தக் குறிச்சொல் வெறும் அலங்காரம் என்று தரநிலைக்காரர்கள் நினைத்தார்கள். நமக்கு அதுதான் மொழியே. எழுத்துரு நிறுவாத கணினியில் திறந்தால் கவிதை குப்பையாகிவிடும். தேடுபொறிக்கு அது தமிழ் என்று தெரியாது. அப்படிப் போட்ட பக்கங்களில் எழுத்துரு தொலைந்துபோனவற்றை இன்று மாற்றுநிரல் வைத்து ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது, அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டதற்கு நாம் கொடுத்த விலை.

*

தோற்றத்துக்கென்று தனி மொழி வேண்டும் என்று 1994 அக்டோபரில் ஹோகன் வியும் லீ முன்மொழிந்திருந்தார். அதுதான் சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் அது தரமானது. உலாவிகள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 2003-இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ தளம் பலருக்குக் கண்ணைத் திறந்தது. எச்டிஎம்எல் ஒன்றேதான், ஒரு எழுத்துகூட மாறாது. சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றினால் பக்கம் வேறு வேறு தோட்டமாகத் தெரியும்.

அட்டவணை ஒழிந்தது. அதன் இடத்தில் டிவ் வந்து உட்கார்ந்தது. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 டிவ்வையும் ஸ்பேனையும் பொதுக் கொள்கலன்கள் என்று அறிவித்திருந்தது. எந்தப் பெயரையும் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளலாம். விளைவு, எல்லாமே டிவ். தலைப்பு டிவ், பட்டியல் டிவ், பொத்தான்கூட டிவ். அந்த நோய்க்கு ‘டிவைட்டிஸ்’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்தார்கள்.

ஆனால் அந்தக் குவியலில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்தது. 2005 டிசம்பரில் கூகுளில் வேலை பார்த்த இயன் ஹிக்சன் நூறு கோடிக்கும் சற்று அதிகமான ஆவணங்களை அலசி, எழுதுபவர்கள் தங்கள் பெட்டிகளின்மேல் என்ன பெயர் ஒட்டுகிறார்கள் என்று எண்ணினார். முதலிடத்தில் ‘ஃபுட்டர்’, அடிப்பகுதி. பிறகு மெனு, டைட்டில், கன்டென்ட், ஹெடர், நேவ். யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. உலகம் முழுக்கத் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே மாதிரிப் பெயர்களைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கில் இருப்பதைப் பார்த்து இலக்கணம் செய்வது என்பது நம்மூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமா என்ன?

அதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 2004-இல், ஆப்பிள், மொசில்லா, ஓபரா உலாவிகளின் ஆட்கள் தனியாகப் பிரிந்து எச்டிஎம்எல்லை வளர்க்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஹிக்சன்தான் அதன் பதிப்பாசிரியர். அங்கே பேசப்பட்டுவந்த புதிய உறுப்புகளும் அவர் எண்ணிப் பார்த்த பெயர்களும் நன்றாகவே பொருந்தின. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5 தரமானபோது ஹெடர், ஃபுட்டர், நேவ், ஆர்ட்டிக்கிள், அசைட் என்று வரிசையாக வந்து நின்றன. கூடவே, 23 வருடம் தாமதமாக, பெர்னர்ஸ்-லீ கேட்ட செக்‌ஷனும்.

*

“சரி, எந்தப் பெயரா இருந்தா என்ன? பக்கம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?” என்று அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிவ்வை எடுத்துவிட்டு ஆர்ட்டிக்கிள் என்று போட்டால் திரையில் ஒரு புள்ளிகூட நகராது.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தமிழ் முதுகலை, பள்ளி ஆசிரியர், பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னைவிட இரண்டு மடங்கு வாசிப்பார். மடிக்கணினியில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் வைத்திருக்கிறார். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும். ஒருநாள் ஓர் இணைய இதழில் (பெயர் வேண்டாம்) வந்த நீண்ட கட்டுரையைப் பற்றிப் பேச்சு வந்தது.

“நாலாம் பகுதியில அவர் சொல்றது சரின்னு நினைக்கிறீங்களா சார்?” என்றேன்.

“நாலாம் பகுதியா? எங்கே இருக்கு அது?” என்றார். “எச் அழுத்தினா அடுத்த தலைப்புக்குப் போகணும். அழுத்திப் பாருங்க.”

அழுத்தினேன். அடுத்த தலைப்பு இல்லை என்றது குரல்.

“டி அழுத்துங்க. பக்கத்தோட முக்கியமான பகுதிகளுக்குப் போகணும்.”

அதுவும் இல்லை. திரையில் ஏழு உபதலைப்புகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக, கறுப்பாக, அழகாக. எல்லாம் டிவ், சிஎஸ்எஸ் போட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். அவருக்கு அது தலைப்பே இல்லாத ஒற்றை ஓட்டம். மெனு, விளம்பரம், பகிர்வுப் பொத்தான்கள் என்று வரிசையாகக் கேட்டு முடித்தபிறகுதான் கட்டுரையின் முதல் வரி. நடுவில் ஒரு போன் வந்து பக்கம் மூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

“நீங்க புரட்டுறீங்க. நான் உருட்டுறேன். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

புரட்டுவது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் யோசித்தேன். புத்தகத்தில் பிடித்த அத்தியாயத்துக்குத் தாவுகிறோம், முடிவை முதலில் எட்டிப்பார்க்கிறோம், பிடிக்காத பகுதியைத் தள்ளுகிறோம். வாசகனின் சுதந்திரம் என்று நாம் பேசுவதில் பாதி இதுதான். அவருக்கு அந்தச் சுதந்திரத்தைத் தருவது குறிச்சொல்லின் பெயர் மட்டுமே.

*

பெயர் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் பெர்னர்ஸ்-லீயின் பழைய ஆசை திரும்ப வருகிறது.

எச்டிஎம்எல்5 வரைவு ஒரு வாக்குறுதி கொடுத்தது. செக்‌ஷனுக்குள் செக்‌ஷன் அடுக்குங்கள், எல்லாத் தலைப்பையும் எச்1 என்றே எழுதுங்கள், எது எத்தனையாவது நிலை என்பதை உலாவி கணக்கிட்டுக்கொள்ளும். அதற்கான கணக்கையும் விரிவாக எழுதி வைத்தார்கள். ஆசிரியர்கள் அதை நம்பி எழுதினார்கள், நூல்கள் அதைச் சொல்லிக்கொடுத்தன. உலாவிகள் என்ன செய்தன? உள்ளே போகப் போக எழுத்தின் அளவைச் சிறிதாக்கிக் காட்டின. திரைவாசிப்பானுக்கு நிலையை மாற்றிச் சொல்லும் வேலையை எந்த உலாவியும் செய்யவில்லை. கண்ணுள்ளவருக்கு அடுக்கு தெரிந்தது. காதால் வாசிப்பவருக்கு எல்லாமே முதல் நிலைத் தலைப்பு. 2022-இல் அந்தக் கணக்கைத் தரநிலையிலிருந்தே நீக்கினார்கள். இன்றும் தலைப்பின் நிலையைச் சொல்ல எச்1, எச்2, எச்3 என்று எண்தான் போட்டாக வேண்டும். 1991-இல் போட்ட அதே எண்கள்.

இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்தத் தோல்விதான். எழுதுபவர் பெயர் வைக்கிறார், தரநிலை அதற்குப் பொருள் சொல்கிறது. ஆனால் வாசிக்கும் கருவி அதை மதித்து இன்னொருவர் காதில் சேர்க்கும் வரை அது பெயரே ஆகாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டும்.

இதற்கு மாறான கதையும் உண்டு. பக்கத்தின் முக்கிய உள்ளடக்கத்துக்கென்று தனி உறுப்பு தேவையில்லை, மற்றவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அதுதானே என்று ஹிக்சன் வாதிட்டார். ஸ்டீவ் ஃபாக்னர் விடவில்லை. ‘மெயின்’ என்ற உறுப்பு ஏன் வேண்டும், மக்கள் ஏற்கெனவே எப்படி எழுதுகிறார்கள் என்று ஆதாரம் திரட்டி வைத்தார். கடைசியில் அது சேர்க்கப்பட்டது. என் நண்பர் டி அழுத்தி ஒரே தாவலில் கட்டுரைக்குப் போக முடிகிற பக்கங்களில் அந்த உறுப்புதான் வழிவிடுகிறது.

*

இலக்கிய இதழ் நடத்துபவர்கள் இதை வாசிக்கலாம் என்பதால் கொஞ்சம் கைவேலை.

கட்டுரையை இந்த இதழிலிருந்து பிய்த்து எடுத்து வேறெங்கு வைத்தாலும் தனியே நிற்குமா? நிற்கும் என்றால் அது ஆர்ட்டிக்கிள். கதையும் அப்படியே, கவிதையும் அப்படியே. அதன் கீழே வாசகர் எழுதும் எதிர்வினையும் ஒரு குட்டி ஆர்ட்டிக்கிள்தான் என்கிறது தரநிலை. தாய்க்குள் சேய் போல உள்ளே வைக்கலாம்.

கட்டுரைக்குள் உபதலைப்போடு வரும் பகுதி செக்‌ஷன். பொருளடக்கம் போட்டால் அதில் இந்தப் பகுதிக்கு ஒரு வரி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் செக்‌ஷன் வேண்டாம். இன்னொன்று, பெயரோடு இணைக்காத செக்‌ஷனைத் திரைவாசிப்பான்கள் முக்கியப் பகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. தலைப்பு வைத்து, இந்தப் பகுதியின் பெயர் இதுதான் என்று நிரலில் சுட்டினால்தான் எடுக்கும்.

‘இதையும் வாசிக்கலாம்’ என்று ஓரத்தில் போடுவது அசைட். இதழின் பிற பக்கங்களுக்கு வழிகாட்டும் பட்டியல் நேவ். தேடல் பெட்டிக்கு 2023-இல் ‘சர்ச்’ என்றே ஓர் உறுப்பு வந்துவிட்டது. ‘அட்ரஸ்’ என்பதைக் கண்ட முகவரிக்கெல்லாம் போடக்கூடாது. அந்தக் கட்டுரைக்கோ பக்கத்துக்கோ பொறுப்பானவரைத் தொடர்புகொள்ளும் விவரத்துக்கு மட்டும்.

கவிதையின் வரிமுறிவுக்கு ‘பிஆர்’ போடலாமா என்று பலர் தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். வரிமுறிவே உள்ளடக்கமாக இருக்கும் இடம் கவிதை என்று தரநிலையே ஒத்துக்கொள்கிறது. கதையில் காட்சி மாறும்போது நட்சத்திரம் போடுகிறோமே, அதற்கும் உறுப்பு உண்டு: ‘எச்ஆர்’. ஒருகாலத்தில் வெறும் படுக்கைக் கோடு. எச்டிஎம்எல்5 அதற்கு, பொருள் திரும்பும் இடம் என்று புதிய அர்த்தம் கொடுத்தது. தோற்றமாக வந்த ஒன்று பொருளாக மாறிய அபூர்வமான இடம்.

இதில் எதிலும் அடங்காததற்கு டிவ். அது பாவமான சொல் கிடையாது. இரண்டு பொருட்களைச் சேர்த்து நகர்த்த, ஒரு பின்னணி நிறம் பூச என்று பொருள் எதுவும் இல்லாத இடத்தில் பெயரில்லாத பெட்டிதான் நேர்மையானது. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்த பிறகு, கடைசியாக எடுக்க வேண்டியது என்றுதான் தரநிலை சொல்கிறது. நாம் முதலில் எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான் சிக்கல்.

போன வாரம் நண்பர் கூப்பிட்டார். வேறொரு இதழில் ஒரு மொழிபெயர்ப்புக் கதையாம். “மூணாம் பகுதி இழுவை, தாண்டிட்டேன்” என்றார். ஒரு கதையின் மூன்றாம் பகுதி பிடிக்காமல் தாண்டிவிட்டதாக அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.